640-க்கு 480 எப்படி வந்தது? தொடக்கக் காலக் கிராபிக்ஸ் அட்டைகளின் திரை எல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

320×200, 720×348, 640×350, 640×480. ஐபிஎம் கணினியின் முதல் பத்தாண்டுகளில் வந்த கிராபிக்ஸ் அட்டைகளின் எண்கள் இவை. யாரோ ஒரு பொறியாளர் மனம்போன போக்கில் எழுதிவைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. ஒவ்வோர் எண்ணும் ஏதோ ஒரு தடையில் முட்டி நின்ற இடம். எந்தத் தடை என்பதைத் தாளும் பேனாவும் இருந்தால் நாமே கண்டுபிடித்துவிடலாம். பழைய கணினிகளைச் சேர்த்துப் பழுதுபார்த்து வரும் எனக்கு இந்தக் கணக்கில் தீராத ஆசை. என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கிராபிக்ஸ் அட்டை செய்த வேலைதான் என்ன?

அந்தக் காலத்து மானிட்டர் ஒரு கண்ணாடிக் குழல். உள்ளே ஓர் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுக்கும். சட்டென இடப்பக்கம் திரும்பி அடுத்த கோட்டை இழுக்கும். கற்றை பட்ட இடம் கணநேரம் ஒளிர்ந்து மங்கிவிடும். ஆகவே திரையில் தெரியும் படம், வாசலில் போட்டுவிட்டு எழுந்து போகும் கோலம் போன்றதல்ல. வினாடிக்கு 50, 60 முறை முதல் புள்ளியிலிருந்து மறுபடியும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டிய கோலம் அது.

அந்த வேலையைச் செய்தது அட்டை. தன் நினைவகத்தில் புள்ளிகளை வைத்துக்கொண்டு, கற்றை எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்துக்குரிய புள்ளியைச் சரியான நொடித்துளியில் எடுத்துக் கொடுக்கும். புள்ளிகளை வைக்க இடம் போதுமா, எடுத்துக் கொடுக்க வேகம் போதுமா, கொடுத்ததை மானிட்டர் தாங்குமா? இந்த மூன்றுக்கும் வந்த பதில்தான் திரையின் அளவு.

1981-இல் ஐபிஎம் ஏன் இரண்டு அட்டைகளை விற்றது?

எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று.

எம்டிஏ எனப்பட்ட ஒற்றை நிற அட்டை 720×350 புள்ளிகளில் கூர்மையான பச்சை எழுத்துகளைக் காட்டியது. ஆனால் அதில் ஒரு கோடுகூட வரைய முடியாது. காரணம் எளிது: அதில் இருந்த நினைவகம் 4 கிலோபைட். 80 எழுத்து அகலம், 25 வரி என்றால் 2,000 எழுத்துகள். எழுத்துக்கு ஒரு பைட், அதன் தோற்றத்துக்கு ஒரு பைட் என மொத்தம் 4,000 பைட். எழுத்தின் வடிவம் ஒரு ரோம் சிப்பில் நிரந்தரமாகப் பதிந்திருந்தது. அதே திரையைப் புள்ளி புள்ளியாக நினைவில் வைக்க வேண்டுமானால் 2,52,000 புள்ளிகளுக்கு (புள்ளிக்கு ஒரு பிட், எட்டு பிட் ஒரு பைட்) 31,500 பைட் வேண்டும். இருந்ததைப்போல் கிட்டத்தட்ட எட்டு மடங்கு.

இன்னோர் அட்டை சிஜிஏ. 16 கிலோபைட் நினைவகம், நிறம், படம் எல்லாம் உண்டு. எழுத்து மட்டும் கரடுமுரடாக இருக்கும். அலுவலகங்கள் பச்சைத் திரையை வாங்கின. விளையாட விரும்பியவர்கள் சிஜிஏ வாங்கினார்கள்.

சிஜிஏ ஏன் 320×200-இல் நின்றது?

வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியிலும் அது வேலை செய்ய வேண்டும் என்று ஐபிஎம் விரும்பியது. மற்றதெல்லாம் அங்கிருந்து பிறந்ததுதான்.

அமெரிக்கத் தொலைக்காட்சி வினாடிக்குச் சுமார் 15,700 கோடுகள் இழுக்கும். வினாடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 262 கோடுகள். கற்றை கீழிருந்து மேலே திரும்பும் நேரத்தில் சில கோடுகள் வீணாகும். பெட்டியின் சட்டத்துக்குப் பின்னால் மறையும் ஓரக் கோடுகளையும் நம்ப முடியாது. மிச்சத்தில் பாதுகாப்பாகக் கிடைப்பது 200. எட்டுக் கோடு உயரமுள்ள எழுத்தை 25 வரிகள் அடுக்கினாலும் அதே 200.

அகலத்தைத் தீர்மானித்தது, சீரான வேகத்தில் மின்துடிப்பு தரும் ஒரு படிகம். தொலைக்காட்சியின் நிறச் சமிக்ஞை 3.58 மெகாஹெர்ட்ஸ். அதன் நான்கு மடங்கான 14.318 மெகாஹெர்ட்ஸ் படிகம் ஒன்றைக் கணினியின் தாய்ப்பலகையில் வைத்தார்கள். அதை மூன்றால் வகுத்தால் வருவது 4.77 மெகாஹெர்ட்ஸ், ஐபிஎம் கணினியின் செயலி அந்த விசித்திரமான வேகத்தில் ஓடியதற்குக் காரணம் இதுதான். வகுக்காமல் அப்படியே எடுத்தால் சிஜிஏயின் புள்ளி வேகம். அந்த வேகத்தில் ஒரு கோட்டுக்கு 912 துடிப்புகள் கிடைக்கும். கற்றை திரும்புவதற்கும் ஓரங்களுக்கும் 272 போக, 640 மிஞ்சும். நிறம் வேண்டுமானால் அதில் பாதி, 320.

இனி நினைவகம். நான்கு நிறங்களுக்குப் புள்ளிக்கு 2 பிட். 320×200×2 என்றால் 1,28,000 பிட், அதாவது 16,000 பைட். 16 கிலோபைட் என்பது 16,384 பைட். 384 பைட் மட்டும் மிஞ்சுகிறது! இரண்டு நிறத்தில் 640×200 வைத்தாலும் கணக்கு அதே 16,000.

16 கிலோபைட்? ஐபிஎம் இவ்வளவு கஞ்சத்தனமாகவா இருந்தது?

இந்தக் குற்றச்சாட்டு எனக்கு உடன்பாடில்லை. 1981-இல் 1,565 டாலருக்கு விற்ற அடிப்படைக் கணினியின் மொத்த முதன்மை நினைவகமே 16 கிலோபைட்தான். படம் காட்டுவதற்கென்றே ஒரு முழுக் கணினியின் நினைவகத்தை அட்டையில் தனியாக வைத்தார்கள் என்று பார்த்தால் அது தாராளம்.

பழைய விளையாட்டுகளில் படம் ஏன் இரண்டு தவணையாக வந்தது?

இதைக் கண்ணால் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். நெகிழ்வட்டிலிருந்து ஒரு முழுத்திரைப் படத்தை ஏற்றும்போது, முதலில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விட்டு ஒரு கோடு நிரம்பும். படம் ஜன்னல் தட்டியின் இடுக்குகள் வழியே தெரிவதுபோல் இருக்கும். அடிவரை வந்தபின் மறுபடியும் உச்சியிலிருந்து தொடங்கி, விட்டுப்போன கோடுகள் நிரம்பும்.

இதற்குக் காரணம் மோட்டரோலா 6845 என்ற சிப். எந்த நேரத்தில் எந்த நினைவக முகவரியைப் படிக்க வேண்டும் என்று எண்ணிச் சொல்வது அதன் வேலை. அது எழுத்துத் திரைகளுக்காகப் பிறந்த சிப். எழுத்து வரிகளை எண்ணும் அதன் ரெஜிஸ்டர்கள், அதாவது எண்ணை வைத்துக்கொள்ளும் சிறு நினைவிடங்கள், வெறும் 7 பிட் அகலம். அதாவது 128-ஐத் தாண்டி எண்ணத் தெரியாது. எழுத்து முனையத்துக்கு 25 வரி போதும் என்பதால் 7 பிட் தாராளமாகவே பட்டிருக்கும். ஆனால் படத்துக்கு 200 கோடு வேண்டும். ஒரு கோட்டை ஒரு வரியாகக் கணக்கிட்டால் பாதியிலேயே எண்ணிக்கை தீர்ந்துவிடும்.

ஐபிஎம் பொறியாளர்கள் சிப்பை நம்பவைத்தார்கள். இரண்டு கோடு உயரமுள்ள 100 எழுத்து வரிகளைத்தான் காட்டுகிறாய் என்று அதற்குச் சொன்னார்கள். ஒவ்வொரு வரியின் மேல் கோடும் நினைவகத்தின் முதல் பாதியிலிருந்து வரும். கீழ்க் கோடு 8,192 பைட் தள்ளி இரண்டாம் பாதியிலிருந்து வரும். மொத்தக் கோடுகள் 262 ஆக வேண்டுமே, அதற்கு? 128 வரி, வரிக்கு இரண்டு கோடு என்று 256. மிச்சம் 6 கோடுகளைச் சிப்பில் இருந்த வேறொரு திருத்த ரெஜிஸ்டரில் போட்டார்கள். எண்ணும் திறனின் கடைசித் துளி வரை பிழிந்துவிட்டார்கள். இந்த ரெஜிஸ்டர் மதிப்புகளை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே மெய்சிலிர்த்தது.

கோப்பிலிருந்த பைட்டுகள் நினைவக வரிசையிலேயே வந்து விழுந்ததால் முதல் பாதி முதலில் தெரிந்தது, இரண்டாம் பாதி பிறகு.

எழுத்துத் திரையில் "பனி" விழுந்தது எதனால்?

80 எழுத்து அகலத்தில் அட்டை தன் நினைவகத்தை இடைவிடாமல் படிக்க வேண்டியிருந்தது. அதே நேரத்தில் செயலி எழுத வந்தால் அட்டைக்குரிய பைட் கிடைக்காது. அந்த இடத்தில் ஏதோ ஒரு பொருந்தாத பைட் திரைக்குப் போய் வெள்ளைப் புள்ளிகளாகத் தெறிக்கும். நினைவகத்துக்கு ஒரே ஒரு வாசல், இரண்டு பேர் நுழைய வேண்டும். வேகத் தடை என்றால் என்ன என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிய அட்டை வேறில்லை.

ஹெர்குலிஸ் அட்டை 720×348. அந்த இரண்டு கோடுகள் எங்கே போயின?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது.

வான் சுவன்னுகுல் என்ற தாய்லாந்துக்காரர் தம் மொழி எழுத்துகளை ஐபிஎம் கணினியில் கூர்மையாகக் காட்ட விரும்பினார். எம்டிஏ கூர்மையானது, ஆனால் ரோம் சிப்பில் இருக்கும் எழுத்தை மட்டுமே காட்டும். சிஜிஏ எதையும் வரையும், ஆனால் தெளிவு போதாது. தாய்லாந்து எழுத்தில் உயிர்க்குறிகளும் ஒலிக்குறிகளும் மெய்யின் தலைக்குமேல் அடுக்கடுக்காக ஏறும். 8 கோடு உயரத்தில் அவை அடங்குமா? ஆகவே எம்டிஏயின் கூர்மையோடு புள்ளிப் படமும் தரும் அட்டையை 1982-இல் அவர் உருவாக்கினார். ஹெர்குலிஸ் நிறுவனத்தின் தொடக்கம் அது.

மானிட்டர் பழைய பச்சைத் திரையேதான், 350 கோடு காட்டக்கூடியது. சிப்பும் அதே 6845. 350 கோட்டுக்கு இரண்டு கோடு உயர வரிகள் 175 வேண்டும், 128-ஐத் தாண்டுகிறது. ஆகவே நான்கு கோடு உயர வரிகள். 350-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 2. 87 வரி, வரிக்கு 4 கோடு, மொத்தம் 348. காணாமற்போன இரண்டு கோடுகள் அந்த வகுத்தலின் மீதி. சிஜிஏயில் இரண்டு தவணையாக வந்த படம் இதில் நான்கு தவணையாக வந்ததும் இதனால்தான்.

ஒரு திரைக்கு 31,320 பைட். 32 கிலோபைட்டுக்குள் அடங்கும். அட்டையில் 64 கிலோபைட் இருந்ததால் இரண்டு முழுத் திரைகளை வைத்துக்கொள்ளலாம். லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் மென்பொருள் இதன்மீது வரைபடங்களைக் காட்டத் தொடங்கியதும் அலுவலகங்களில் இந்த அட்டை வேரூன்றிவிட்டது.

தமிழுக்கும் இதே தடை இருந்ததா?

இருந்தது. ரோம் சிப்பில் 256 வடிவங்கள். மேல்பாதியில் ஐரோப்பிய எழுத்துகளும் பெட்டிக்கோடுகளும். ஒவ்வொரு வடிவத்துக்கும் எட்டுப் புள்ளி அகலம். "ணை"யையோ "ஞௌ"வையோ அந்த அகலத்தில் எழுதிப் பாருங்கள், புரியும். ஐபிஎம்மின் அடுத்த அட்டையான ஈஜிஏ வந்தபின் சொந்த வடிவங்களை ஏற்ற முடிந்தது. ஆனாலும் 720 புள்ளி எழுத்துத் திரையில் ஒன்பதாவது புள்ளிப் பத்தி பெட்டிக்கோடுகளைத் தவிர மற்றவற்றுக்கு வெறுமையாகவே விடப்பட்டது. ஓர் அகல எழுத்தை இரண்டு கட்டங்களில் பிரித்து வைத்தால் நடுவில் வெட்டு விழும். இந்திய மொழிகளுக்கென்று இந்திய அரசின் கணினி ஆய்வு அமைப்பான சி-டாக் ஜிஸ்ட் என்ற தனி அட்டையையே கொண்டுவந்தது.

ஈஜிஏ 640×350. இதில் முட்டிய தடை எது?

1984-இல் வந்த ஈஜிஏ தொலைக்காட்சியைக் கைவிட்டது. தனி மானிட்டர், வினாடிக்கு 21,850 கோடுகள். 60-ஆல் வகுத்தால் 364. அதில் தெரிவது 350. ஆக உயரத்தை நிறுத்தியது மானிட்டர்.

நிறத்தை நிறுத்தியது நினைவகம். 16 நிறத்தில் ஒரு திரைக்கு 1,12,000 பைட் வேண்டும். அடிப்படை அட்டையில் இருந்ததோ 64 கிலோபைட். கூடுதல் நினைவகம் வாங்காதவர்களுக்கு அந்த உயர்ந்த அளவில் 4 நிறங்கள் மட்டுமே. விளம்பரத்தில் 16 நிறம் பார்த்து வாங்கியவர்கள் ஏமாற்றமடைந்ததில் வியப்பில்லை.

விஜிஏயின் 640×480, 25.175 மெகாஹெர்ட்ஸ் என்ற எண்கள் எப்படி வந்தன?

1987 ஏப்ரலில் ஐபிஎம்மின் பிஎஸ்/2 கணினிகளுடன் விஜிஏ வந்தது. தொலைக்காட்சி ஒற்றைக் கோடுகளை ஒரு வீச்சிலும் இரட்டைக் கோடுகளை மறுவீச்சிலுமாக இழுக்கும்; இரண்டும் சேர்ந்த 525 கோடுகளை ஐபிஎம் மறுபடியும் எடுத்துக்கொண்டது. ஆனால் ஒற்றை, இரட்டை என்று பிரிக்காமல் ஒரே வீச்சில் இழுத்தது. வினாடிக்கு 59.94 படம், படத்துக்கு 525 கோடு: பெருக்கினால் 31,469 கோடுகள். ஒரு கோட்டுக்கு 800 துடிப்பு, அதில் 640 தெரியும். 31,469-ஐ 800-ஆல் பெருக்குங்கள், 25.175 மெகாஹெர்ட்ஸ் வந்து நிற்கும்.

640-ஐ 480-ஆல் வகுத்தால் 4-க்கு 3. மானிட்டரும் 4-க்கு 3. ஐபிஎம் கணினியின் பரவலான அட்டைகளில் முதன்முறையாகப் புள்ளி சரியான சதுரமானது. அதற்கு முன்பு வட்டம் வரைந்தால் முட்டையாக நின்றது. நிரல் எழுதுபவர் கணக்குப் போட்டு அமுக்க வேண்டியிருந்தது.

விஜிஏயில் 256 நிறம் ஏன் 320×200-இல் மட்டும்?

இதில் இரண்டு தடைகள் பின்னிக் கிடக்கின்றன.

அகலத்தைப் பாதியாக்கியது வேகம். விஜிஏயின் பாதை ஒரு துடிப்புக்கு 4 பிட்தான் தரும். 16 நிறத்துக்கு 4 பிட் போதும். 256 நிறத்துக்கு 8 பிட் வேண்டும், ஆகவே ஒரு புள்ளிக்கு இரண்டு துடிப்பு. 640 பாதியாகி 320.

உயரத்தைக் கட்டியது முகவரி இடம். செயலி விஜிஏ படத்தைப் பார்க்க 64 கிலோபைட் அகலமுள்ள ஒரு ஜன்னல் மட்டுமே உண்டு: 65,536 பைட். 320×200 என்றால் 64,000, அடங்கும். 320×240 என்றால் 76,800, அடங்காது.

அட்டையிலோ 256 கிலோபைட் நினைவகம் சும்மா கிடந்தது. அதைத் திறக்கும் வழியை 1991-இல் மைக்கேல் அப்ராஷ் என்ற நிரலாளர் "மோட் எக்ஸ்" என்ற பெயரில் விளக்கி எழுதினார். நினைவகத்தை நான்கு அடுக்குகளாகப் பிரித்து, ஒரே முகவரிக்குப் பின்னால் நான்கு புள்ளிகளை வைப்பது அதன் அடிப்படை. 320×240-உம் சதுரப் புள்ளிகளும் கிடைத்தன. வன்பொருளில் ஒரு சிப்பைக்கூட மாற்றாமல் கிடைத்த தெளிவு அது.

ஒரு மெகாபைட் அட்டை என்றால் எவ்வளவு காட்டும்?

அகலம் பெருக்கல் உயரம் பெருக்கல் புள்ளிக்கு எத்தனை பைட். 16 நிறம் என்றால் அரை பைட், 256 நிறம் என்றால் ஒன்று, 65,536 நிறம் என்றால் இரண்டு. வந்த விடையை நினைவகத்தோடு ஒப்பிடுங்கள்.

256 கிலோபைட் என்பது 2,62,144 பைட். 640×480-இல் 256 நிறத்துக்கு 3,07,200 வேண்டும், இயலாது. ஆனால் 800×600-இல் 16 நிறத்துக்கு 2,40,000 போதும். சூப்பர் விஜிஏ என்ற பெயரில் முதலில் பரவிய அளவு 800×600-ஆக இருந்தது தற்செயலல்ல. விஜிஏயின் அதே நினைவகத்தில் அது அடங்கிவிட்டது. ஒரு மெகாபைட்டில் 1024×768-ஐ 256 நிறத்தில் 7,86,432 பைட்டில் வைக்கலாம். அதற்கு மேல் 1280×1024-க்கு 13 லட்சம் பைட் வேண்டும், இடமில்லை. நடுவில் 1152×864 என்றொரு விநோத அளவு சில அட்டைகளில் இருந்தது. பெருக்கிப் பாருங்கள்: 9,95,328. ஒரு மெகாபைட்டான 10,48,576-க்குள் நுழையும் அளவு அது.

அந்தக் கால அட்டை ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. இடப்பக்கம் நினைவகச் சிப்கள் நான்கு, ஒவ்வொன்றும் 128 கிலோபைட். பக்கத்தில் நான்கு வெற்றுச் சாக்கெட்டுகள், உள்ளே தூசி. வாங்கியவர் பின்னால் காசு சேர்த்து நிரப்பிக்கொள்வார் என்று விட்ட இடம். கடைசிவரை நிரம்பவில்லை.

நினைவகம் போதுமானதாக இருந்தும் 1280×1024 வரவில்லையே?

அப்போது தடை, எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் சிப்பில் இருக்கும். அந்த அளவை 60 ஹெர்ட்ஸில் காட்ட, கற்றை திரும்பும் நேரத்தையும் சேர்த்து, வினாடிக்கு 10.8 கோடி துடிப்புகள், அதாவது 108 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். மாற்றிச் சிப்பின் வேகம் 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் எத்தனை மெகாபைட் இருந்தும் பயனில்லை. 1987-இல் ஐபிஎம்மின் 8514/ஏ அட்டை 1024×768-ஐக் காட்டியது, ஆனால் ஒரு முறை ஒற்றைக் கோடுகள், மறுமுறை இரட்டைக் கோடுகள் என்று. முழுப் படம் வினாடிக்கு 43.5 முறைதான் முடிந்தது. மெல்லிய கிடைக்கோடுகள் கண்ணுக்கு முன்னே துடித்தன.

தவறான அட்டையை இணைத்தால் மானிட்டர் கெட்டுவிடும் என்பது உண்மையா?

ஒரே அலைவெண்ணுக்கென்று செய்த பழைய மானிட்டர்களில் உண்மை. எம்டிஏவும் சிஜிஏவும் ஒரே 9 முனைச் செருகியைப் பயன்படுத்தியது ஆபத்தை வளர்த்தது. ஒருமுறை பச்சைத் திரை ஒன்றைத் தவறுதலாக நிற அட்டையில் செருகிவிட்டேன். உள்ளிருந்து ஊசிபோல் ஒரு கீச்சொலி. உடனே மின்சாரத்தை நிறுத்தினேன்; தப்பியது. உயர் மின்னழுத்தச் சுருள் தனக்குப் பழக்கமில்லாத வேகத்தில் சூடேறும்போது எழும் ஒலி அது. பல அலைவெண்களுக்குத் தானே ஒத்துப்போகும் மானிட்டர்கள் பரவியபின் இந்த அச்சம் குறைந்தது. வீட்டில் பழைய ஒற்றை நிற மானிட்டர் வைத்திருப்பவர்கள் இன்றும் அட்டையைப் பார்த்துவிட்டே செருகுங்கள்.

இந்த எண்களில் ஏதாவது இன்றும் உயிரோடு இருக்கிறதா?

640×480 இருக்கிறது. எச்டிஎம்ஐ தரத்தின்படி ஒவ்வொரு தொலைக்காட்சியும் மானிட்டரும் அந்த அளவை 60 ஹெர்ட்ஸில் ஏற்றாக வேண்டும். ஒரு கோட்டுக்கு 800 துடிப்பு, 525 கோடு, 25.175 மெகாஹெர்ட்ஸ், எல்லாம் 1987-இல் இருந்ததேதான். கற்றை திரும்புவதற்காக ஒதுக்கிய அந்த 160 துடிப்பும், கற்றையே இல்லாத தட்டைத் திரைக்கு இன்றும் போய்க்கொண்டிருக்கிறது.